குதிரை உயர மான்

மானின் கொம்பு கிளை கிளையாகப் பிரியுமா, அல்லது கயிறு போல முறுக்கிக்கொண்டு எழும்புமா என்ற கேள்வி என் படிப்பையே நிறுத்தப் பார்த்தது. இப்போது சொன்னால் காலேஜில் என்னோடு படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அப்போது எனக்கு வயது பத்து. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் மாதா கோயில் புத்தகத்தில் பங்குச் சாமியார்தான் எழுதி வைப்பார். கீழே நாங்கள் கைநாட்டு வைப்போம். பட்டினப்பாக்கத்துக் கரையில் அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை.

குறையாக நினைத்தவள் அத்தை ஒருத்திதான். அவள் நைனாவுக்கு அக்கா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் போன பிறகு எங்களோடு வந்து தங்கிவிட்ட அத்தை, தினமும் தலையில் மீன் கூடையோடு பாலத்தைத் தாண்டி அடையாற்றுப் பங்களாக்களுக்குப் போய் வருவாள். அவளுடைய பிடிவாதம் தாங்காமல்தான் நைனா என்னைக் கோயில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார்.

"வாத்தியாராண்ட இருந்து ஒரு பிராது வந்துச்சி, மறுநாளே இவன மரத்துல ஏத்திடுவேன். அப்பறம் நீ அழக் கூடாது, சொல்டேன்."

மரம் என்றால் கட்டுமரம். நைனா சொன்னதைச் செய்கிற மனிதர்.

முதல் வருஷம் நான் பள்ளிக்கூடம் போக மறுத்துக் கரையில் உருண்டு அழுவேனாம். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அத்தை வழியெல்லாம் கதை சொல்வாள். கதை எப்போதும் ஒரு மானைப் பற்றியது. அடையாற்றைத் தாண்டி, கிண்டிப் பக்கத்துக் காட்டில் அது இருக்கிறது. கம்பி வேலி போட்டு, வேட்டை கூடாது என்று காவல் வைத்திருக்கிற காடு அது. மான் குதிரை உயரம். அதன் கொம்பு, கரைவலைக்குத் திரிக்கிற கயிற்றைப் போல முறுக்கி முறுக்கி மேலே போகும். வேலியோரமாக நடக்கும்போது அத்தை அதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். ஒரு தடவை அது அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்ததாம். கதை பள்ளிக்கூட வாசலில் பாதியில் நின்றுவிடும். மீதியைக் கேட்க மறுநாளும் நான் நடந்தாக வேண்டும்.

நான்காவது வகுப்பில் வாத்தியார் ஒருநாள் கரும்பலகையில் மான் வரைந்தார். உடம்பெல்லாம் புள்ளி. கொம்பு, இலை உதிர்ந்த மரத்துக் கிளை மாதிரி இரண்டு பக்கமும் பிரிந்திருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், கொம்பு அப்பிடி இருக்காது. முறுக்கிக்கினு போவும்."

வகுப்பில் மயிலாப்பூர்ப் பையன்கள்தான் அதிகம். பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "இவன் சொல்றது எறா மீசைடா" என்றான். இன்னொருவன், "கடல் மானா இருக்கும், முள்ளு எடுத்துட்டுத் திங்கணும்" என்றான். வாத்தியாருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். மேஜையைத் தட்டி அடக்கிக்கொண்டார்.

"நீ பாத்திருக்கியா?"

அத்தை பார்த்திருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மீன்காரியின் பேச்சை யார் மதிப்பார்கள் என்று அந்த நேரத்தில் தோன்றியது. "பாத்திருக்கேன் சார்" என்றேன்.

"சரி. திங்கக்கிழமை வரும்போது ரெண்டு பக்கம் எழுதிட்டு வா. பாத்தவனுக்கு எழுத வரும். எழுத வரலேன்னா உங்கப்பாவைக் கூட்டிட்டு வா."

அன்று புதன்கிழமை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"நீ பாத்த மானுக்கு முறுக்குக் கொம்புதானே?"

"பின்ன? கயிறு திரிச்சாப்ல கீது. எத்தினி வாட்டி சொல்றது?"

"எனக்குக் காட்டு. நான் பாத்தாத்தான் எழுத முடியும்."

அவள் கை நின்றது. கூடையின் அடியில் ஒட்டியிருந்த ஒரு செதிலை நகத்தால் வெகுநேரம் சுரண்டினாள். வாத்தியார் போட்ட மானைப் பற்றி மறுபடியும் கேட்டாள். புள்ளி இருந்ததா, கொம்பு எப்படிப் பிரிந்திருந்தது, வாத்தியார் படித்தவர்தானே, புஸ்தகத்தைப் பார்த்துப் போட்டாரா என்று துருவித் துருவிக் கேட்டாள். கடைசியில், "காட்றேன்" என்றாள். மார்கழி மாதத்துக் கடலில் கால் வைக்கிறவள் போல அதைச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் அவள் திரும்பி வந்ததே ஒரு வேகத்தோடுதான். காட்டுக் காவல்காரர் ஒருவர் அவளிடம் வாடிக்கையாக நெத்திலி வாங்குகிறவர். காட்டுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறதாம். மழைக்காலத்தில் அங்கே நிற்கிற குளம், பங்குனி வெயிலில் வற்றிக்கொண்டே வந்து இப்போது முட்டளவு சேறாகிவிட்டது. உள்ளே இருக்கிற மீன் செத்தால் காடே நாறும். வழக்கமாக வந்து பிடிக்கிற ஏரிக்காரர்கள் இந்த வருஷம் வரவில்லை. யாராவது வந்து மீனை வாரிக்கொண்டு போனால் நல்லது. மத்தியானத்துக்கு மேல் அதே பள்ளத்துக்குத்தான் மான்கள் தண்ணீர் குடிக்க வரும்.

"சனிக்கெழமை நாம போறோம். டேய் தம்பி, நீ வலையோட வா" என்றாள் நைனாவிடம்.

நைனா பீடியை வாயிலிருந்து எடுத்தார். "இன்னாக்கா பேசறே? அலையத் தாண்டிப் போறவன் குட்டையில எறங்கி சேறு அளையறதா? கரையில நாலு பேரு சிரிப்பான்."

"வலையாவது குடு."

"வலைய நீ தொடுவியா?"

எங்கள் கரையில் பெண்கள் வலையைத் தாண்டக்கூட மாட்டார்கள். அத்தை அதற்கு மேல் கேட்கவில்லை. "கை கீது எனக்கு" என்று மட்டும் சொன்னாள். நான் எழுத வேண்டிய இரண்டு பக்கத்தைப் பற்றி நைனாவிடம் அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே இரண்டு கூடைகளோடு கிளம்பினோம். பாலத்தைத் தாண்டிச் சந்துகளையும் தோப்புகளையும் கடந்து நடந்தோம். காவல்காரர் சிறு கதவு ஒன்றைத் திறந்துவிட்டார். பள்ளத்துக்கு வந்து சேர்ந்தோம். கறுப்புச் சேறு, நடுவே பாய் அகலத்துக்குக் கொஞ்சம் தண்ணீர். சுற்றிலும் கொக்குகளும் நாரைகளும் பந்திக்குக் காத்திருப்பவை போல நின்றன.

அத்தை புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். முப்பது வருஷமாக மீனோடு வாழ்ந்தவளுக்கு அந்தச் சேற்று மீனைப் பிடிக்கத் தெரியவில்லை. எல்லாம் விரால். பிடித்த கையிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. "எண்ண தடவிக்கினு பொறந்துதா இது!" என்று அவள் திட்டுவதும், நான் விழுந்து எழுவதுமாக இருந்தோம். ஒருமணி நேரம் கழித்துத்தான் சூட்சுமம் பிடிபட்டது. தலைப்பக்கம் இரண்டு கையாலும் அழுத்தி, சேற்றோடு சேர்த்துக் கரைக்கு வீச வேண்டும். அப்புறம் அவள் நிற்கவில்லை. இடுப்பை நிமிர்த்தாமல் வீசினாள். நான் ஓடி ஓடிக் கூடையில் போட்டேன்.

நடு நடுவே பொடி மீனாகப் பொறுக்கிக் கொக்குகளின் பக்கம் எறிந்தாள். காவல்காரருக்கு ஆச்சரியம்.

"இன்னாம்மா, கொக்குக்குக் கூடப் பங்கு போடறே?"

"கரையில நின்னவனுக்கு ஒரு பிடி மீன் குடுக்கறது எங்க வழக்கம். அதுங்க குளத்துல நாம எறங்கிக் கீறோம், சும்மா அனுப்ப முடியுமா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு, "நான் சாப்ட்டு வரேன். அசையாம கெடந்தீங்கன்னா அதுங்க வரும். சத்தம் வந்துச்சி, ஒண்ணையும் பாக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடை இரண்டும் நிறைந்துவிட்டன. ஓலைத் தட்டைப் போட்டு மூடி, மேட்டில் ஒரு புதருக்குப் பின்னால் வைத்துவிட்டு நாங்களும் அங்கேயே உட்கார்ந்தோம். அத்தை விரலை எச்சிலில் நனைத்துக் காற்றில் நீட்டினாள்.

"காத்து அங்கேர்ந்து இங்க அடிக்குது. நல்லது. நம்ம வாடை அதுங்களுக்குப் போவாது."

வாடை என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் என் பெஞ்சில் எனக்கும் பக்கத்துப் பையனுக்கும் நடுவே எப்போதும் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருக்கும்.

"மானும் மூக்கப் பொத்திக்குமா அத்தை?"

"பொத்திக்க அதுக்குக் கை ஏதுடா? கம்முனு கெட."

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப்போனது. சேறு உடம்பில் காய்ந்து இழுத்தது. அசையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்று பார்க்காவிட்டால் திங்கட்கிழமை நைனா வகுப்புக்கு வருவார்; செவ்வாய்க்கிழமை நான் கடலில் இருப்பேன். அத்தை பக்கம் திரும்பினேன். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜெபம் சொல்கிறாள் என்று தெரிந்தது. எதற்கு இவ்வளவு பெரிய ஜெபம் என்று தெரியவில்லை.

எதிர்க்கரை மரங்களுக்கு இடையில் முதலில் ஒரு நிழல் அசைந்தது. அப்புறம் பழுப்பு நிறத்தில் கொம்பில்லாத நான்கைந்து பெட்டைகள் வெளியே வந்து காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டன. அவற்றின் பின்னால், இன்னும் மரத்தின் மறைவில், கறுப்பாக ஒன்று நின்றது. அதன் வயிற்றின் வெள்ளை தெரிந்தது. தலை தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் என் முதுகுக்குப் பின்னால் ஓலைத் தட்டு தானாக நகர்ந்தது.

கடல் மீன் கரைக்கு வருவதற்குள் விறைத்துவிடும். அத்தை வாழ்நாளில் தொட்ட மீனெல்லாம் அப்படித்தான். விரால், தண்ணீரை விட்டு எடுத்தாலும் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பது ஏரிக்கரையில் இருக்கிற சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. செத்த மீனைத்தான் மூடி வைத்திருக்கிறோம் என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். செத்த மீன் ஒன்று தட்டை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, பாம்பு மாதிரி நெளிந்து, பள்ளத்தைப் பார்த்துப் புறப்பட்டது.

அத்தையின் கண் பிதுங்கியது. சிலுவை போட்டுக்கொண்டாள். அலறல் தொண்டை வரை வந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்து அதை நிறுத்தினாள். அதற்குள் இரண்டாவது தலை எட்டிப் பார்த்தது. அடுத்த கூடையிலும் டப் டப்பென்று அடிக்கிற சத்தம் ஆரம்பித்தது. எதிர்க்கரையில் பெட்டைகள் தலையைத் தூக்கின.

அத்தை மெல்ல நகர்ந்து ஒரு கூடையின் மேல் உட்கார்ந்தாள்.

இதைச் சொன்னால் எங்கள் கரைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். கூடையில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிட வைப்பவள் அவள். பிழைப்பைத் தருகிற கூடை. அதன் மேல் சேற்றுப் புடவையோடு தன் பாரமெல்லாம் இறக்கி உட்கார்ந்துகொண்டு, இன்னொரு கூடையின் தட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அடியில் மீன்கள் அடித்த அடியில் அவள் உடம்பு குலுங்கியது. வெளியே வந்த மீன் சருகில் சரசரவென்று போய்க்கொண்டிருந்தது. அடுத்ததும் அதன் பின்னாலேயே போயிற்று. நல்ல பெரிய விரால்கள். நான் பிடிக்கப் பாய்ந்தேன். அத்தை தன் காலை என் முதுகில் வைத்து அழுத்தினாள்.

"போவட்டும்" என்றாள், உதடு மட்டும் அசைய.

கறுப்பு மான் வெளியே வந்தது. மேல்பாகம் முழுக்கக் கறுப்பு, கீழே சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை, கண்ணைச் சுற்றியும் வெள்ளை வளையம். தண்ணீரை நோக்கி நான்கு அடி நடந்து நின்று தலையைத் தூக்கியது. கொம்பு இரண்டும் கயிறு திரித்தது போல, முறுக்கி முறுக்கி மேலே போயிருந்தன. ஒரு முறுக்குக்கூட நான் விடவில்லை. எண்ணினேன்.

பின்னால் அத்தை மூச்சை விடுவது கேட்டது. அவ்வளவு நீளமான மூச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஏசுவே, திரிச்சிதான்டா கீது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "இவ்ளோதானா?" என்றாள்.

மான் எங்கள் வீட்டு ஆட்டுக்கிடாவைவிடக் கொஞ்சம்தான் உயரம். தண்ணீரைக் குடித்தது. குடித்து முடிக்கும்வரை அத்தை கூடையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவற்றின் கடைசி வால் மரங்களுக்குள் மறைந்த பிறகுதான் எழுந்தாள். கூடையின் விளிம்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அதைத் தொட்டுக் கும்பிட்டாள்.

காவல்காரர் வந்து தனக்கு வேண்டிய விரால்களை எடுத்துக்கொண்டார். செத்த மீன் நடந்த கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடல்காரிக்கு இது தெரியாதா?" என்றார். அத்தைக்கு அன்று எதுவும் கோபம் வரவில்லை. "தெரியாதுதான். இன்னா இப்ப?" என்றாள்.

திரும்பும் வழியில் நான் கேட்டேன். "நீ குதிரை ஒசரம்னு சொன்னியே அத்தை?"

"நான் பாத்தது பெரிசுடா. இது சின்னது."

"எவ்ளோ பெரிசு?"

அவள் ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினாள். நான் நம்பினேன். பார்த்தவள் சொல்கிறாள்.

வீட்டில் நைனா எங்கள் கோலத்தைப் பார்த்து, "குட்டைல குளிச்சிட்டு வந்துட்டாங்கோ மகாராணி" என்று ஆரம்பித்தார். பேசிக்கொண்டே தட்டைத் திறந்தார். ஒரு விரால் எழும்பி அவர் மார்பில் அடித்தது. அலையைத் தாண்டுகிறவர் என் அம்மாவின் பின்னால் போய் நின்றார். ராத்திரிக் குழம்பில் மண் வாடை அடிக்கிறது என்று சொல்லிச் சொல்லி மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் போதவில்லை. நாலு பக்கம் ஆயிற்று. எழுத எழுத அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கூடை முறிந்ததை எழுதாதே என்றாள். கொம்பை மட்டும் நன்றாக எழுதச் சொன்னாள்.

திங்கட்கிழமை வாத்தியார் அதை நின்றுகொண்டே படித்தார். பின்பெஞ்சு ஆவலோடு காத்திருந்தது. அவர் கரும்பலகைக்குப் போய் முறுக்கிய கொம்பு ஒன்றை வரைந்து, "இப்படியா?" என்று என்னைக் கேட்டார். முறுக்கு இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும் என்றேன். அழித்து மறுபடி போட்டார். மானில் பல ஜாதி உண்டு, தான் போட்டது புள்ளிமான், இவன் பார்த்தது வெளிமான் என்று வகுப்புக்கு விளக்கினார். நைனா பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டியிருக்கவில்லை. நான் கடலுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது ஓரிடத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி இருந்தது. "என் அத்தை இந்த மானை இதற்கு முன் பல தடவை பார்த்திருக்கிறாள். அவள் பார்த்தவை குதிரை உயரம் இருக்கும்" என்று எழுதிய இடம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே மேஜைக்குப் போனேன்.

"சார், இது நெசம். எங்க அத்தை பொய் சொல்ல மாட்டாங்க."

வாத்தியார் நோட்டை வாங்கினார். பேனாவை எடுத்து அந்தக் கேள்விக்குறியைத் தானே அடித்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று பெஞ்சுக்குத் திரும்பினேன். அதன் பிறகு பல வருஷம், கிண்டிப் பக்கம் போகும்போதெல்லாம் வேலிக்குள் கண்ணை ஓட்டி அந்தப் பெரிய மானைத் தேடியிருக்கிறேன்.

போன வருஷம் காலேஜில் சேர ஒரு நற்சாட்சிக் கடிதம் தேவைப்பட்டது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் அடையாற்றுப் பங்களாவுக்கு அத்தைதான் அனுப்பினாள்; அவளுடைய பழைய வாடிக்கை வீடு. பின்பக்கமாகப் போய்ச் சமையற்காரரிடம் சொல்லு என்றாள். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சமையற்காரர் என்னைப் பின்கட்டில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனார். மீன் கூடை இறக்குகிற சிமென்ட் மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். நிமிர்ந்தபோது சமையலறை நிலைக்கு மேலே, ஒரு மரப்பலகையில், தலையில்லாமல் முகமில்லாமல் இரண்டு கொம்பு மட்டும் அடித்து வைத்திருந்தது. முறுக்கி முறுக்கி மேலே போயிருந்தன. தூசி படிந்திருந்தது. கையை உயர்த்திப் பார்த்தேன், எட்டவில்லை. கீழே ஒரு மான் நின்று அந்த இடத்துக்குத் தலையை நீட்ட வேண்டுமென்றால் அது குதிரை உயரம்தான் இருக்க வேண்டும்.

கடிதம் கிடைத்தது. வீட்டுக்கு வந்தேன். "குடுத்தாரா?" என்று அத்தை கேட்டாள். "குடுத்தார்" என்றேன். பங்களாவில் வேறென்ன பார்த்தாய் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பள்ளத்தில், என் முதுகில் காலை வைத்துக்கொண்டு "போவட்டும்" என்றாளே, எனக்காகத்தான் அத்தனை பெரிய மீன்களை விட்டாள் என்று இத்தனை வருஷமும் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மானை அன்று முதல் தடவையாகப் பார்த்தது நான் மட்டுமில்லை.